திருகோணமலைக் கரையில் கடலாமை மரபணு ஆய்வு: புதிதாகத் தொடங்குவோருக்கு

புறாத்தீவைச் சுற்றியுள்ள கடலில் மேய்கிற பச்சை ஆமையும், இதே மாவட்டத்தின் ஒரு மணற்கரையில் இரவில் ஏறி முட்டையிடுகிற பச்சை ஆமையும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே கூட்டம் என்று சொல்லிவிட முடியாது. மேய்வது எங்கோ தொலைவில் பொரித்ததாக இருக்கலாம். முட்டையிட வந்ததோ, வேலை முடிந்ததும் வேறொரு நாட்டுக் கடலுக்கு மேயப் போய்விடலாம். இதைக் கண்ணால் பார்த்துத் தீர்க்க வழியில்லை, டிஎன்ஏதான் சொல்லும்.

சரி, தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? இலங்கையில் கடலாமை ஆய்வு பெரும்பாலும் தெற்கு, தென்மேற்குக் கரைகளில்தான் நடந்து வந்திருக்கிறது. ரெக்காவை, கொஸ்கொட போன்ற பெயர்கள்தான் ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும். ஒரு கரையின் மரபணுப் பதிவு உலகத் தரவில் இல்லையென்றால், அந்தக் கரையின் ஆமை எந்தக் கடலில் வலையில் பட்டுச் செத்தாலும் வேறொரு கரையின் கணக்கில்தான் எழுதப்படும். நம்முடைய கரை தேய்ந்துகொண்டே போகும், ஏட்டில் அதற்கு ஒரு வரியும் இருக்காது. கிழக்கில் இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும் என்று வற்புறுத்தி எழுத இதுதான் காரணம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர், வளாக மாணவர், சுழியோடி, கரைவலைக்காரர் என்று இதில் எல்லோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தொடுவதற்கு முன் அனுமதி

இலங்கைக் கரையில் முட்டையிடும் ஐந்து இனக் கடலாமைகளும் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. குற்றம் என்பது ஆமையைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. அனுமதியில்லாமல் முட்டையோ ஓடோ இறைச்சியோ உங்கள் கையில் இருந்தாலும் சிக்கல்தான். ஆய்வுக்காக எடுத்த சின்னத் தோல் துண்டும் அந்தக் கணக்கில் வரும். ஆகவே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி கையில் வரும்வரை எந்த மாதிரியும் எடுக்கவேண்டாம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே செய்வதற்கு அனுமதிப் பத்திரத்தில் அந்த இடத்தின் பெயரும் தனியாக இருப்பது நல்லது.

மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸின் அனுமதியும் வேண்டும். எல்லாக் கடலாமைகளும் அந்த உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. இதற்குக் காலம் எடுக்கும், ஆகவே வேலைத் திட்டத்திலேயே அந்தக் காலத்தையும் சேர்த்து எழுதுங்கள். மாதிரி உறைபெட்டியில் காத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

தனி ஆளாக அனுமதிக்கு விண்ணப்பிப்பதைவிட ஒரு பல்கலைக்கழகத் துறையோடு சேர்ந்து போவது எளிது. கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் முதலில் கதைத்துப் பாருங்கள். மூலக்கூற்று வேலைக்கு ஆய்வுகூடம் தேவைப்படும்போது பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களையும் நாரா என்னும் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தையும் கேட்கலாம்.

கேள்வியை முடிவுசெய்யுங்கள்

புதியவர்கள் எடுத்த எடுப்பில் "மாதிரி எப்படி எடுப்பது?" என்றுதான் கேட்கிறார்கள். "எதற்கு?" என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். ஏனென்றால் எந்த டிஎன்ஏயைப் பார்ப்பது, யாரிடமிருந்து எடுப்பது, எத்தனை எடுப்பது எல்லாம் கேள்வியோடு மாறும்.

ஒரு கேள்வி: இங்கே முட்டையிட வரும் பெண் ஆமைகள் தனிக் கூட்டமா, தெற்கில் ரெக்காவையில் ஏறுபவற்றோடு ஒன்றா? இன்னொன்று: இங்கே மேய்பவையும் வலையில் படுபவையும் எந்தக் கரைகளிலிருந்து வந்தவை? மூன்றாவது: பிடிபட்ட இறைச்சி அல்லது ஓடு எந்த இனத்தினுடையது? இந்த மூன்றும் மூன்று வேலைகள். ஒரே ஆண்டில் மூன்றையும் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். புதிதாகத் தொடங்குகிற குழுவுக்கு முதலாவது கேள்விதான் ஏற்றது, இரண்டாவது அதன் விடையில்தான் நிற்கிறது.

நம் பக்கத்துக்கே உரிய நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ஒலிவ் நிறச் சிற்றாமைகள் ஒடிசாக் கரையில் கூட்டம் கூட்டமாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். இந்திய ஆய்வாளர் கார்த்திக் சங்கரும் கூட்டாளிகளும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியக் கிழக்குக் கரையின் சிற்றாமைகள் எல்லாம் தமக்குள் கலந்து இனம்பெருக்கும் ஒரே கூட்டம் என்றும், இலங்கை உட்பட மற்ற இடங்களின் கூட்டங்களிலிருந்து அவை வேறுபட்டவை என்றும் கண்டார்கள். அவற்றில் 96 சதவீதமளவு ஒரு தனித் தாய்வழிக் கிளையைச் சேர்ந்தவை. திருகோணமலையோ அதே வங்காள விரிகுடாவின் கரைதான். இங்கே ஏறும் சிற்றாமை இந்தியப் பக்கத்துத் தாய்வழியா, இலங்கைப் பக்கத்துத் தாய்வழியா? இதைத் தீர்க்கத் தேவைப்படுவது பெரிய பணமில்லை, ஒழுங்காக எடுத்த சில பத்து மாதிரிகள்.

எந்த டிஎன்ஏ?

ஆமையின் உயிர்க்கலத்தில் டிஎன்ஏ இரண்டு இடத்தில் இருக்கிறது. கலத்தின் நடுவிலுள்ள கலக்கருவில் இருப்பது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருகிறது. இழைமணியில், அதாவது கலத்துக்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியாவில், இருப்பது தாயிடமிருந்து மட்டும் வருகிறது. கிழக்கில் தாய்வழிக் குடி முறை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: தாயின் குடிதான் பிள்ளையின் குடி, மகளின் பிள்ளைகளுக்கும் அதே குடி.

பெண் ஆமை வளர்ந்து முதிர்ந்தபின் தான் பொரித்த பகுதிக்கே முட்டையிடத் திரும்புகிறது. நெடுநாள் ஊகமாக இருந்த இதை 1990 இல் மெய்லன், போவன், ஏவிஸ் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் பச்சை ஆமைகளின் இழைமணி டிஎன்ஏ மூலம் சோதித்தார்கள். வெவ்வேறு முட்டையிடும் கரைகளில் வெவ்வேறு தாய்வழி வகைகள் இருந்தன. பெண்கள் கரை மாறிக் கலந்திருந்தால் அப்படி இருந்திருக்காது. ஒரு கரையின் பெண்கள் அழிந்தால் பக்கத்துக் கரையிலிருந்து வேறு பெண்கள் வந்து நிரப்புவார்கள் என்று நம்பியிருக்க முடியாது என்பது இதன் பொருள். பாதுகாப்பு வேலை செய்கிறவர் மனதில் வைத்திருக்கவேண்டிய செய்தி இதுதான். பச்சை ஆமை முதிர்ச்சியடையப் பல பத்தாண்டுகள் எடுக்கும். இன்றைக்கு முட்டைகள் போனால் வெறுமை தெரிவது நம் பிள்ளைகள் காலத்தில்.

ஆகவே கூட்டங்களைப் பிரித்தறிய முதலில் இழைமணி டிஎன்ஏயின் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பார்க்கிறோம். வேகமாக மாறும் பகுதி அது. டிஎன்ஏயின் வேதி அலகுகளை எழுத்து என்போம், அந்தப் பகுதியில் காணும் ஒவ்வொரு எழுத்து வரிசைக்கும் ஹாப்லோடைப் என்று பெயர்.

இதில் ஆண்கள் தெரியமாட்டார்கள். ஆண் ஆமை இனச்சேர்க்கையின்போது மரபணுவைக் கரைகளுக்கிடையே கொண்டுபோகும், ஆனால் தாய்வழித் தடத்தில் அது பதியாது. அதைப் பார்க்கக் கலக்கருவின் டிஎன்ஏயில் மைக்ரோசற்றலைட் (திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டு) அல்லது எஸ்என்பி (ஓரெழுத்து மாற்றம்) குறிகளைத் தேடவேண்டும். ஒரே கூட்டிலுள்ள குஞ்சுகளுக்கு எத்தனை தகப்பன் என்பதும் இதில்தான் தெரியும். கொஸ்கொடவில் பச்சை ஆமைகளுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். புதியவர்கள் இதை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனத்தைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள்

இனத்தைப் பிழையாக எழுதினால் பிறகு செய்வதெல்லாம் பிழை. இறந்து ஊதிப்போன உடலில் நிறத்தை நம்பவேண்டாம். ஓட்டின் செதில்களை எண்ணுங்கள்.

ஓட்டின் நடுவரிசைக்கு இருபுறமும் விலாச் செதில்கள் இருக்கும். அவை நான்கு சோடி என்றால் பச்சை ஆமை, அதாவது பேராமை, அல்லது அழுங்காமை. இரண்டையும் பிரிக்க மூக்கின் மேல் பாருங்கள்: கண்களுக்கு நடுவே, மூக்குக்கு மேலே ஒரு சோடிச் செதில் என்றால் பச்சை ஆமை, இரண்டு சோடி என்றால் அழுங்காமை. அழுங்காமைக்கு வாய் பருந்தின் அலகுபோல் கூர்ந்து, ஓட்டுச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். விலாச் செதில் ஐந்து சோடியும் பெரிய தலையும் என்றால் பெருந்தலை ஆமை. ஆறு அல்லது அதற்கு மேல், சிலவேளை இடப்பக்கம் ஒரு எண்ணிக்கை வலப்பக்கம் வேறு எண்ணிக்கை என்று இருந்தால் சிற்றாமை. செதிலே இல்லாமல் தோல்போல் மூடி, நீளவாட்டில் ஏழு வரி ஓடினால் ஏழுவரி ஆமை.

சந்தேகம் என்றால் "சந்தேகம்" என்றே எழுதுங்கள். பிறகு டிஎன்ஏ தீர்த்துவைக்கும். கலப்பினங்களும் உண்டு. பிரேசிலின் பாஹியாக் கரையில் அழுங்காமை என்று கணக்கெடுத்த பெண்களில் 44 சதவீதம் வேறினத்தின், பெரும்பாலும் பெருந்தலை ஆமையின், தாய்வழி டிஎன்ஏயைக் கொண்டிருந்தன என்று 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது.

மாதிரி எடுத்தல்

மூன்று வழிகள் உண்டு. அவற்றில் புதியவருக்கு உகந்தது இறந்த ஆமைதான், அதிலிருந்து தொடங்குகிறேன்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து அடங்கும்போது கரையில் எதுவும் ஒதுங்கலாம். கரைவலையில், கைவிட்ட வலைத் துண்டில் சிக்கிச் செத்தவையும் வரும். செய்தி கிடைத்ததும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் போகவேண்டும். கையுறை போடுங்கள். முதலில் படம்: மேலிருந்து முழு ஓடு, முகத்தின் இடப்பக்கம், வலப்பக்கம், காயம் இருந்தால் அது. பிறகு துணி அளவுநாடாவால் ஓட்டின் வளைவு நீளம்: கழுத்துப் பக்கத்து நடுக் குழிவிலிருந்து பின்முனைவரை. இதற்கு இரும்பு நாடா சரிவராது, வளையாது.

அப்புறம் தோல். உடல் புதியதென்றால் பின்துடுப்பின் பின்னோரத்திலிருந்து பயறளவு துண்டு போதும். அழுகிப்போயிருந்தால் மேல்தோலை விட்டு உள்ளே தசையைத் தேடுங்கள். அதுவும் கரைந்திருந்தால் எலும்பிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் ஆய்வுகூடத்தில் வேலை கூடும். ஒவ்வொரு ஆமைக்கும் புதுக் கத்தி அலகு. ஒரே அலகால் இரண்டு உடலைத் தொட்டால் இரண்டு மாதிரியும் கெட்டது என்றே வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு கலத்தின் டிஎன்ஏ போதும் பிசிஆர் என்னும் ஆய்வுகூட முறை அதைப் பெருக்கிக் காட்ட, அது எந்த ஆமையின் கலம் என்று பிசிஆர் கேட்காது.

2021 இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆமை உடல்கள் கரையொதுங்கின. அப்படி ஒரு அனர்த்தம் வரும் நாளில் போத்தல் தேடி ஓட நேரமிருக்காது. கையுறை, அலகு, மதுசாரம் நிரப்பிய சிறு குழாய்கள், பென்சில், படிவம், அளவுநாடா எல்லாம் ஒரு பெட்டியில் எப்போதும் ஆயத்தமாக இருக்கட்டும்.

இரண்டாவது வழி கூடுகள். குஞ்சுகள் வெளியேறி இரண்டு மூன்று நாள் கழிந்தபின் கூட்டைத் தோண்டிப் பார்க்கும்போது, பொரிக்காத முட்டையிலுள்ள கருவோ, உள்ளேயே செத்த குஞ்சோ கிடைக்கும். கூட்டுக்கு ஒன்று போதும், ஒரே தாயின் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தாய்வழி டிஎன்ஏதான். ஒரு கூட்டிலிருந்து பத்து எடுத்து "பத்து மாதிரி" என்று கணக்குக் காட்டுவது ஆய்வையே கவிழ்த்துவிடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரு பெண் ஒரே பருவத்தில் பல முறை கூடு வைக்கும். இரண்டு கூடு இரண்டு தாய் என்று எண்ணிவிடக்கூடாது. இதற்கு ஒரு எளிய தந்திரம்: பச்சை ஆமை ஒரு முறை முட்டையிட்டால் அடுத்ததற்குப் பொதுவாக இரண்டு வாரமளவு செல்லும். ஆகவே ஒரு வாரத்துக்குள் வைத்த கூடுகளை மட்டும் எடுத்தால் அவை வெவ்வேறு தாய்களுடையவை என்று துணிந்து சொல்லலாம். முட்டையிட்ட இரவைக் குறித்துவைக்கிற ஆள் கரையில் இருந்தால்தான் இது நடக்கும். அந்த ஆள் பெரும்பாலும் அந்தக் கரையில் வாடி போட்டிருக்கும் மீனவராகத்தான் இருப்பார்.

மூன்றாவது வழி உயிருள்ள தாய். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நின்று காட்டித்தரும்வரை இதைச் செய்யவேண்டாம். நடைமுறை இப்படி: ஆமை கரையேறும்போது வெளிச்சம் காட்டக்கூடாது, முன்னால் போகக்கூடாது. சிவப்பு வெளிச்ச டோர்ச்சோடு பின்னால், தாழ்ந்து இருங்கள். அது குழி தோண்டும், முட்டையிடும், பின்துடுப்பால் மணலை இழுத்து மூடத் தொடங்கும். அதன்பிறகுதான் நம் முறை. பின்துடுப்பின் ஓரத்தை அயடீன் தோய்த்த பஞ்சால் துடைத்து, 4 முதல் 6 மில்லிமீற்றர் வட்டக் குத்தூசியால் ஒரு சின்ன வட்டம் எடுத்து, மறுபடி அயடீன் வைத்து, விலகிவிடவேண்டும். நான் பார்த்தவற்றில் பல ஆமைகள் துடுப்பை ஒருதரம் உதறிவிட்டு மணல் மூடும் வேலையைத் தொடர்ந்தன. ஏதாவது ஒன்று கலங்கி வேலையை நிறுத்தினால் அந்த ஆமையை விட்டுவிடுங்கள். மாதிரி போனால் போகட்டும்.

ஒரு கரைக்குக் குறைந்தது 20, 30 வெவ்வேறு பெண்களாவது வேண்டும். கூடினால் இன்னும் நல்லது. ஒரே பருவத்தில் சேராவிட்டால் அடுத்த பருவமும் தொடருங்கள். பச்சை ஆமைப் பெண் ஆண்டுதோறும் வருவதில்லை, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டு இடைவெளி விட்டு வரும்.

பெயர்த்துண்டும் உறைபெட்டியும்

தோல் துண்டை 95 சதவீதத்துக்குக் குறையாத எதனோலில் போடுங்கள். அல்லது உப்புக் கரைசலில்: டிஎம்எஸ்ஓ என்னும் வேதிக் கரைப்பானின் 20 சதவீதக் கரைசலில் உப்பை இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்தது. வெயில் கொளுத்தும் ஊரில் உப்புக் கரைசல் வசதி. ஆவியாகாது, தீப்பற்றாது, பஸ்ஸில் கொண்டுபோகவும் பயமில்லை. போமலின் மட்டும் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏயைச் சிதைத்துவிடும். வெறும் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டி அன்றிரவுக்குப் போதும், அதற்குமேல் இல்லை.

பேனாவால் எழுதாதீர்கள். மதுசாரம் ஒரு சொட்டுச் சிந்தினால் எழுத்துப் போய்விடும். தடித்த காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிக் குழாயின் உள்ளே போடுங்கள், அதே இலக்கத்தை வெளியிலும் ஒட்டுங்கள். படிவத்தில் திகதி, நேரம், ஊர்ப்பெயர், போனில் எடுத்த அகலாங்கு நெட்டாங்கு, இனம், நீளம், உயிரோடா இறந்ததா, வளையக்குறி இருந்தால் அதன் எண், எடுத்தவர் பெயர் இருக்கட்டும். படங்களுக்கும் அதே இலக்கம். அன்றிரவே ஒரு பிரதி இன்னொருவர் கையில் இருக்கவேண்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஎன்ஏ பிரித்தெடுத்தது சரிவராவிட்டால் மிச்சத் துண்டிலிருந்து மறுபடி எடுக்கலாம். இடமும் நாளும் தெரியாத துண்டை எந்த இயந்திரமும் மீட்டுத்தராது.

சுழியோடிகளுக்கும் படகோட்டிகளுக்கும் தொடாமலே செய்ய ஒரு வேலை உண்டு. ஆமையின் முகப் பக்கத்துச் செதில்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. இருபுறமும் தெளிவான படம் இருந்தால் அதே ஆமை திரும்ப வரும்போது அடையாளம் காணலாம், அதிலிருந்து இரண்டாம் முறை மாதிரி எடுக்காமல் தவிர்க்கலாம்.

மீனவரோடு கதைப்பது

வலையில் பட்ட ஆமையைப் பற்றி மீனவர் வாய் திறக்கத் தயங்குவார், வழக்கு வருமோ என்ற பயம். "அண்ணை, உங்களுக்கு ஒண்டும் வராது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள், யாருக்கு அறிவிப்பீர்கள், படிவத்தில் என்ன எழுதுவீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஆய்வுக்கு அவர் பெயரோ படகு இலக்கமோ தேவையில்லை, வலை வகையும் இடமும் போதும். முதலில் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரிடம் போய், சங்கக் கூட்டத்தில் கதைக்க நேரம் கேட்பதுதான் முறை. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, மூதூர் என்று போகப் போகத் தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர் எல்லோரும் இருப்பார்கள். சிங்களம் தெரிந்த ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்தில்

இங்கே உங்களுக்கு வழிகாட்ட ஆள் இருப்பார், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். திசுவை நொதியத்தால் கரைத்து டிஎன்ஏயைப் பிரிக்கவேண்டும். பிறகு பிசிஆர், கொரோனாக் காலத்தில் எல்லோரும் கேட்ட அதே முறைதான். கடலாமைக்கு உலகெங்கும் பெரும்பாலும் எல்சிஎம்15382, எச்950 என்னும் தொடக்கிச் சோடியை, அதாவது எந்தப் பகுதியைப் பெருக்கவேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளை, பாவிக்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏறத்தாழ 800 எழுத்துக் கிடைக்கும். நீங்களும் அதையே எடுங்கள். வேறு சோடி எடுத்தால் உங்கள் முடிவை மற்றக் கரைகளோடு ஒப்பிடுவது கடினமாகும். ஒவ்வொரு தொகுதியிலும் டிஎன்ஏ போடாத ஒரு வெற்றுக் குழாய் ஓடட்டும். அதில் டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம், அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும்.

அதன்பின் சாங்கர் முறையில் எழுத்து வரிசை வாசித்தல், இரு திசையிலிருந்தும். இலக்கத் தரவு வந்ததும் உடனே மென்பொருளில் தள்ளிவிடாதீர்கள். வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வண்ண முகடு இருக்கும். முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் இயந்திரம் ஊகித்துத்தான் எழுதியிருக்கும். ஹாப்லோடைப்புகள் பல ஒரே ஒரு எழுத்தில்தான் வேறுபடுகின்றன. அந்த ஒரு எழுத்து மங்கலான முகட்டில் விழுந்தால், இல்லாத ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தோம் என்று எழுதிவிடுவோம். புது வகை என்று தோன்றினால் அதே ஆமையின் துண்டிலிருந்து மறுபடி தொடங்கி உறுதிசெய்த பிறகே வெளியில் சொல்லுங்கள்.

சுத்தமாக்கிய வரிசையை ஜென்பாங்க் தரவுத்தளத்தில் தேடினால் ஒத்த வகைகள் வரும். இது இலவசம். பழைய ஆய்வுகள் பல ஏறத்தாழ 380 எழுத்தோடு நின்றுவிட்டன. அவற்றோடு ஒப்பிடும்போது உங்களுடையதையும் அதே நீளத்துக்கு வெட்டிப் பாருங்கள், முழு வரிசையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவை வாசிப்பது

இரு கரைகளின் ஹாப்லோடைப் விகிதங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை எஃப்எஸ்டி என்ற அளவு காட்டும். பூச்சியத்துக்கு அருகே என்றால் பிரித்தறிய முடியவில்லை, கூடக்கூடத் தனித்தனிக் கூட்டங்கள். ஆர்லெக்வின், டிஎன்ஏஎஸ்பி போன்ற இலவச மென்பொருள்கள் கணக்கிட்டுத் தரும். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இரண்டு கரையிலும் ஒரே ஒரு பொது வகை நிறைந்திருந்தால் எஃப்எஸ்டி பூச்சியமாக வரும். அதை வைத்து "ஒரே கூட்டம்" என்று தீர்ப்பெழுதவேண்டாம். முழு இழைமணி வரிசையையும் கலக்கருவின் குறிகளையும் பார்த்தபின் பிரிவு தெரியவரலாம்.

மேய்ச்சல் நிலத்து ஆமைகள் எங்கிருந்து வந்தன என்பதற்குக் கலப்புக் கூட்டப் பகுப்பாய்வு. மேயும் ஆமைகளின் வகை விகிதத்தை எடுத்து, தெரிந்த முட்டையிடும் கரைகள் எந்த அளவில் கலந்தால் அந்த விகிதம் வரும் என்று கணிப்பார்கள். 1995 இல் வெளியான ஆய்வில், மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாவில் மேயும் பெருந்தலை ஆமைகள் பெரும்பாலும் ஜப்பானியக் கரைகளில் பொரித்தவை என்று இப்படித்தான் தெரிந்தது. பசிபிக்கைக் குறுக்கறுத்துப் போயிருந்தன. ஆனால் பட்டியலில் இல்லாத கரைக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் பங்கு கொடுக்காது. கிழக்கிலங்கையின் முட்டையிடும் கரைகளை முதலில் பதியுங்கள், மேய்பவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னது இதனால்தான்.

டிஎன்ஏ சொல்லாததும் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்று அதில் தேடவேண்டாம். கடலாமைக்குப் பால் நிறமூர்த்தம் கிடையாது. மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது, ஏறத்தாழ 29 பாகைக்கு மேல் பெண்கள் கூடும். ஆயினும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அவுஸ்திரேலியாவில் 2018 இல் வெளியான ஆய்வில், ஒரே இடத்தில் மேயும் பச்சை ஆமைகளை மரபணுவால் வடக்கு, தெற்குக் கரைகள் என்று பிரித்து, ஓமோனால் பாலறிந்தார்கள். சூடான வடக்குக் கரைகளில் பொரித்த இளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண்கள். மரபணு இல்லாமல் மொத்தமாகப் பார்த்திருந்தால் இந்தக் கடுமை இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

முட்டைகளை இடம் மாற்றுபவர்களுக்கு

ஒரு கரையில் எடுத்த முட்டைகளைத் தூரத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே குஞ்சுகளைக் கடலில் விடுவதை நல்ல காரியம் என்று பலர் மனதார நம்புகிறார்கள். தாய் திரும்புவது தான் பொரித்த பகுதிக்கு. வேறு கரையில் விட்ட குஞ்சு இந்தக் கரைக்கு வரும் என்று நம்ப ஆதாரமில்லை. கூடு கிடக்கும் இடத்திலேயே காவல் போடுவதுதான் முதல் தெரிவு. கடலரிப்போ நாய்த் தொல்லையோ இருந்து வேறு வழியே இல்லையென்றால், திணைக்களத்தின் மேற்பார்வையில் அதே கரையின் மேட்டுப் பகுதிக்கு மாற்றுங்கள். ஊர் கடந்து கொண்டுபோகவேண்டாம்.

வேலை முடிந்ததும்

எழுத்து வரிசைகளை ஜென்பாங்கில் பதியுங்கள், கரையின் பெயரோடு. ஆனால் கூடுகளின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், முட்டை எடுப்பவருக்கும் வாசிக்கத் தெரியும். அனுமதி தந்த திணைக்களத்துக்கு அறிக்கை கொடுங்கள், அடுத்த அனுமதிக்கும் அது தேவைப்படும். மிச்சத் திசுவை எறியவேண்டாம். முறை வளர வளரப் பழைய துண்டிலிருந்து புதுச் செய்தி எடுக்கலாம். பச்சை ஆமையின் முழு மரபணுத்தொகுதி 2013 இல் வெளியானது. 2023 இல் ஏழுவரி ஆமையினுடையதையும் சேர்த்து ஒப்பிட்டபோது, ஏழுவரி ஆமையின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்று தெரிந்தது. அதே ஆண்டு புளோரிடாவில், ஆமை ஊர்ந்த மணலிலிருந்தே டிஎன்ஏ எடுக்கும் வேலையில் இருந்தவர்களுக்கு அருகில் நடந்த மனிதருடைய டிஎன்ஏயும் வாசிக்கக்கூடிய தரத்தில் கிடைத்தது. மணல் மாதிரி எடுக்க நினைப்பவர்கள் மனிதத் தரவை எப்படி நீக்குவது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதவேண்டும்.

கடைசி வேலை, சங்கக் கூட்டத்துக்குத் திரும்பப் போவது. ஒரு பக்கத் தாளில், தமிழிலும் சிங்களத்திலும்: எத்தனை ஆமை பார்த்தோம், அவை எந்தக் கரைகளோடு தொடர்பு, எந்த மாதத்தில் எந்த வலையில் கூடப் பட்டன. புறாத்தீவுப் படகோட்டிகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த பருவத்தில் எந்தக் கரையில் இரவுக் காவல் வேண்டும் என்பதை அவர்களோடு அங்கேயே இருந்து முடிவுசெய்யுங்கள்.